‘வீட்ல சொல்லிட்டீங்களா?’

*மறைத்த கடன், மிரட்டும் போன்... வாய் திறந்த குடும்பங்கள் என்ன ஆயின?*

சனிக்கிழமை இரவு. திருப்பூர் அனுப்பர்பாளையத்தை ஒட்டிய லைன் வீடுகள். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடும் நாள் என்பதால் தெருமுனை மளிகைக் கடையில் பாக்கி தீர்க்க வந்தவர்களின் கூட்டம். அந்த டெய்லர் மட்டும் தன் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார். பவர் டேபிளில் வாரம் முழுக்கத் தைத்த கூலி சாயங்காலம் அக்கவுன்ட்டில் ஏறியது. ஏறிய கால் மணி நேரத்தில் மூன்று லோன் ஆப்களுக்குப் போய்விட்டது.

“ஏனுங்க, வெளியவே நிக்கறீங்க?” உள்ளிருந்து மனைவியின் குரல்.

“ஓவர்டைம் காசு அடுத்த வாரந்தான் போடுவாங்களாமா...”

சில வாரங்களாக அவர் சொல்லிவரும் அதே பதில். அந்த நேரத்தில் போன் அதிர்கிறது. தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப். திறந்தால் அவருடைய புகைப்படம். அதன் கீழே மனைவியின் செல் நம்பர். ‘அடுத்த கால் இதுக்குத்தான்’ என்று ஒரு வரி.

வாசல்படியிலேயே உட்கார்ந்தார். “கண்ணு, இங்க வந்து உக்காரு. ஒண்ணு சொல்லோணும்” என்றார்.

பெண்ணின் பள்ளிக்கூட ஃபீஸுக்காக வாங்கிய 10,000 ரூபாயில் தொடங்கியது. ஒரு ஆப்புக்குக் கட்ட இன்னொரு ஆப், அதைக் கட்ட மூன்றாவது. நடுவில், ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஆன்லைன் ரம்மி. மொத்தம் 1,85,000 ரூபாய். மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அழுதார், திட்டினார், எழுந்து உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடி போன் அடித்தபோது கணவர் கையிலிருந்து அதை வாங்கியது அவர்தான்.

“வீட்டுக்காரரு எல்லாத்தையும் சொல்லிப்போட்டாருங்க. நீங்க என்ன அனுப்போணுமோ அனுப்புங்க.”

பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு இதை நம்மிடம் விவரித்த அந்த டெய்லர், கடைசியாகச் சொன்னதை அப்படியே தருகிறேன்: “மிரட்டறது நின்னுருச்சுன்னு சொல்ல மாட்டனுங்க. இன்னொரு ரெண்டு வாரம் அடிச்சுட்டுத்தான் இருந்தானுங்க. கம்பெனி சூப்பர்வைசருக்குக்கூடப் போட்டோ போச்சு. ஆனா எனக்குப் பயம் விட்டுப்போச்சு.”

மிரட்டலின் மூலதனம்

லோன் ஆப் மிரட்டல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கொரோனா ஊரடங்கில் வேலை போன காலத்தில் இந்த ஆப்கள் பெருகின. 2021 ஜனவரியிலேயே சென்னை மத்தியக் குற்றப்பிரிவு, இப்படியொரு வழக்கில் பெங்களூரிலிருந்து இயங்கிய கும்பலைப் பிடித்தது. கைதானவர்களில் சீனர்களும் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய நிறுவனங்கள் அந்த வாரமே பண ஆட்டங்களை நிறுத்தின. ஆட்டம் நின்றது. ஆட்டத்துக்காக வாங்கிய கடன் நிற்கவில்லை.

ஆப் நடத்துகிறவர் அடமானமாக நகையைக் கேட்பதில்லை, வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதில்லை. கேட்பது போனில் இருக்கும் தொடர்பு எண்கள், புகைப்படங்கள். கடன் வாங்குகிறவர் வீட்டில் சொல்லாமல்தான் வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டு வாங்குகிறவருக்கு மாமனாரோ மச்சானோ உதவியிருப்பார்கள். இரவு பதினொரு மணிக்குக் கழிவறைக்குள் உட்கார்ந்து ஆப்பை இறக்குகிறவரிடம் அடமானமாக இருப்பது ஒன்றே ஒன்றுதான்: அவர் வீட்டில் சொல்லவில்லை என்ற உண்மை. வட்டியும் அபராதமும் மிரட்டலும் அதன் மேல்தான் நிற்கின்றன.

கடன் வாங்கியவரே முந்திக்கொண்டு வீட்டில் சொல்லிவிட்டால், பணம் கட்ட வேண்டியது இருக்கும். ஆனால், அடமானம் மீண்டுவிடும். சைபர் க்ரைம் புகார்களோடு அலையும் வழக்கறிஞர்கள் சிலரிடம் பேசியபோது, வருகிறவர்களிடம் முதலில் கேட்கும் கேள்வி என்று அவர்கள் குறிப்பிட்டதும் இதைத்தான்: “வீட்ல சொல்லிட்டீங்களா?” சொல்லாதவர், மிரட்டலுக்குப் பயந்து புகார் கொடுத்த பிறகும் ரகசியமாகப் பணம் கட்டிக்கொண்டே இருப்பாராம்.

வாய்வரை வந்து நிற்பது ஏன்?

சொல்வது எளிது என்று எழுதினால் அது பொய். நம்பியவர் முகம் மாறுவதைப் பார்க்க நேரும். திருமணமே உடையலாம். ‘உன்னைப் போய் நம்பினேனே’ என்ற ஒரு வாக்கியம் ஆயுள் முழுக்கக் காதில் நிற்கலாம். அதிலும் நம் வீடுகளில் ஆண் பிள்ளையை ‘குடும்பத்தைத் தாங்குகிறவன்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம். தாங்குகிறவன் தன்னைத் தாங்கச் சொல்லி எப்படிக் கேட்பான்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையின்படி, அந்த ஆண்டு இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஆண்கள். மாநிலங்களின் வரிசையில் மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு, 19,834 பேருடன். எந்த ஒரு மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஆனாலும், இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போது, இதில் எத்தனை பேர் யாரிடமாவது வாய் திறக்க நினைத்து நிறுத்திக்கொண்டார்கள் என்ற கேள்வியை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெப்பியன், ரகசியங்கள் மனிதர்களை என்ன செய்கின்றன என்று பல ஆண்டுகளாக ஆராய்பவர். அவரும் சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் முக்கியமான ஒன்றைக் கண்டார்கள். எதிரே ஆள் இருக்கும்போது விஷயத்தை மறைக்கப் படும் பாடு பெரிதல்ல. தனியாக இருக்கும்போது மனம் திரும்பத் திரும்ப அந்த ரகசியத்துக்கே போய் நிற்கிறதே, அதுதான் மனிதரைக் கரைக்கிறது. டெய்லரின் மனைவி சொன்னதும் அதேதான்: “மூணு மாசமா மனுஷன் பக்கத்துல படுத்திருந்தாரு. ஆனா இங்க இல்லீங்க.”

ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, சொல்லத் தயங்குகிறவர்களுக்காகவே செய்ததுபோல இருக்கிறது. தவறை ஒப்புக்கொள்வது, உதவி கேட்பது, அன்பை முதலில் வெளிப்படுத்துவது போன்ற தருணங்களில், அதைச் செய்கிறவர் தன்னைப் பலவீனமானவராகக் காண்கிறார். அதே செயலை இன்னொருவர் செய்வதாகக் கற்பனை செய்யச் சொன்னால், அதில் துணிவைப் பார்க்கிறார்கள். வாசல்படியில் நின்றவர் தன்னைக் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தார். மனைவிக்கோ, அவ்வளவு கோபத்திலும், ‘இவராகத்தானே வந்து சொன்னார்’ என்பது பெரிதாகப் பட்டிருக்கிறது.

பாதி சொன்னவர்கள்

இந்தக் கட்டுரைக்காகப் பேசிய குடும்பங்களில் என்னை அதிகம் உலுக்கியது, சொல்லாமல் விட்டவர்களின் கதை அல்ல. பாதி சொன்னவர்களின் கதை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிஎன்சி மெஷின் ஓட்டும் ஒருவர். கடன் மொத்தம் நாலரை லட்சம். மனைவியிடம் சொன்னது ஒன்றரை லட்சம். ஏன்? “முழுசா சொன்னா அவ தாங்க மாட்டான்னு நெனச்சேன் சார். முதல்ல இதைக் கட்டிட்டா மீதியை நானே சமாளிச்சிடலாம்னு ஒரு கணக்கு.” இது கெட்ட எண்ணத்தில் செய்தது அல்ல. கடனை மறைத்தவர்கள் அநேகமாக எல்லோரும் போடும் கணக்கு இதுதான்.

மனைவி தன் வளையல்களையும் அம்மா வீட்டுச் சங்கிலியையும் அடகு வைத்து ஒன்றரை லட்சத்தையும் புரட்டிக் கொடுத்தார். மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. கணவரின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற நிம்மதியோடு இருந்தார். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் ஆள் வந்து நின்றபோதுதான் மீதி மூன்று லட்சம் தெரிந்தது.

“கடனுக்காக நான் அழலை. அன்னிக்கு நைட்டு உக்காந்து, ‘இவ்ளோதானா, வேற ஏதாவது இருக்கா’ன்னு நான் எத்தனை தடவை கேட்டேன். ‘இல்லவே இல்லம்மா’ன்னாரு. நான் நகையைக் கழட்டும்போது பாத்துட்டே இருந்தாரு” என்கிறார் அவர். கணவன் மனைவி இருவரும் இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால், கணவர் டீ குடிக்க வெளியே போனால்கூட மனைவிக்குச் சந்தேகம் வருகிறது. முதல் மறைப்பை மன்னிக்க முடிந்த அவரால், நம்பிக் கேட்ட இரவில் சொன்ன பொய்யை மறக்க முடியவில்லை.

கணக்கிலும் இது நஷ்டமே. முழுத் தொகையும் தெரிந்திருந்தால் எந்தக் கடனை முதலில் அடைப்பது, எதற்குத் தவணை கேட்பது, எதில் புகார் கொடுப்பது என்று உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். பாதி மட்டும் தெரிந்ததால், குறைந்த வட்டியில் இருந்த வங்கிக் கடனுக்கு நகை போனது. வாரத்துக்கு வாரம் ஏறிய ஆப் கடன் அப்படியே இருந்தது.

கூட்டு வட்டியைவிட வேகமாக வளர்வது, சொல்லாமல் விட்ட மீதி. சொல்வதென்று முடிவெடுத்தால் எல்லா ஆப், எல்லா கைமாற்று, நண்பனிடம் வாங்கிய ஐயாயிரம் உட்பட ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். பேசும்போது நாக்கு தொகையைக் குறைத்துவிடும். எழுதிய தாள் குறைக்காது.

> சட்டம் என்ன சொல்கிறது?
>
> ● வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்வதற்கும் தடை.
>
> ● கடன் ஆப், போனில் உள்ள தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுக்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள நிறுவனங்களின் ஆப் பட்டியல் 2025 ஜூலை முதல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஆப் என்றால் ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் புகார் செய்யலாம்.
>
> ● கணவர் வாங்கிய தனிநபர் கடனுக்கு மனைவி, கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடாதவரை பொறுப்பாளி அல்ல. கடன்பட்டவர் இறந்தாலும், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகளிடம் கேட்க முடியும்.
>
> ● 2025-ன் மத்தியச் சட்டம் பண ஆட்டத்தை நடத்துகிறவரைத்தான் தண்டிக்கிறது. ஆடி ஏமாந்தவரை அல்ல.
>
> ● மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் தனிச் சட்டத்தைத் தமிழ்நாடு 2025-ல் இயற்றியது. கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003 முதலே இருக்கிறது.

குழு லோன் வாங்கிய அக்கா

கடனை மறைப்பது ஆண்கள் மட்டுமல்ல. ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் குழு லோன் எடுத்த ஒரு பெண்ணைச் சந்தித்தோம். கணவர் வெளியூரில் கட்டட வேலை. மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு குழுவில், அதன் தவணைக்கு இன்னொரு குழுவில், கூட இருந்த பெண்ணுக்காகத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்தது ஒன்று. வாரத் தவணை நாளில் பணம் இல்லாவிட்டால் ஆபீஸர் போகமாட்டார். குழுவில் உள்ள மற்ற பெண்களும் போகமுடியாது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதே குழுக்கடனின் அமைப்பு. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்று 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கூட உட்கார்ந்திருக்கும் பெண்கள் காத்திருக்கும்போது அந்த விதி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அவர் கணவரிடம் சொல்லவில்லை. காரணம் வெட்கம் அல்ல. “அவுக கைய ஓங்குவாக. ஏற்கெனவே ஒரு தடவ பல்லு ஆடிப்போச்சு.”

இப்படிப்பட்டவரிடம் போய், ‘மனம் திறந்து கணவரிடம் பேசுங்கள்’ என்று அறிவுரை சொல்வது குரூரம். நம்புவதற்குத் தகுதி இல்லாதவரிடம் மனதைத் திறப்பது துணிவு ஆகாது. அவரை மீட்டது நாத்தனார். ஆம், கணவரின் சொந்த அக்காதான். பத்து வருடமாக இந்த வீட்டின் நல்லது கெட்டது அத்தனையும் பார்த்தவர். விஷயத்தைக் கேட்டு, “தம்பிகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. நான் வந்து உக்காந்து சொல்றேன்” என்றார். கணவர் ஊருக்கு வந்த அன்று நாத்தனாரும் அவர் கணவரும் வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, அவர்கள் வாயால் சொன்னார்கள். அக்கா முன்னால் தம்பி கத்தினாரே தவிர கையை ஓங்கவில்லை.

தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் வழி இது. நேரே சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு தாய்மாமன், ஒரு சித்தி, ஒரு பெரிய அக்கா இருப்பார்கள். மகன் செய்த தப்பு அம்மா வழியாக அப்பாவுக்குப் போகும், அதுவும் நேரம் பார்த்து. தனித்தனி ஊர்களுக்குக் குடும்பங்கள் சிதறியதில் நாம் இழந்தது இந்த நடு ஆட்களையும்தான். அப்படி ஒருவர் இன்னும் இருக்கும் வீடு பாக்கியம் செய்த வீடு. இல்லாதவர்களுக்கும், வீட்டில் அடி விழும் என்று அஞ்சுகிற பெண்களுக்கும் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாவட்டம்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

எல்லோரும் அறிந்தே இருந்தும் மீள முடியாத குடும்பங்களும் உண்டு. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை ஆட்சியர் அலுவலகத்திலேயே ஒரு குடும்பம் அழிந்ததை இந்த மாநிலம் மறந்திருக்காது. அந்தக் குடும்பத்துக்குள் ரகசியம் எதுவும் இருக்கவில்லை. மனு மேல் மனு கொடுத்தும் கேட்க ஆள் இருக்கவில்லை. வீட்டில் சொல்வது முதல் படி. அதற்கு அடுத்த படியில் அரசு நின்றாக வேண்டும்.

அப்பாக்கள் மறைப்பது

பணி ஓய்வு பெற்றவர்கள் மறைப்பது கடனை அல்ல, இழப்பை. மாதம் 25 முதல் 30 சதவிகிதம் வட்டி என்று ஆசைகாட்டி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்த ஆருத்ரா நிறுவன விவகாரம் 2022-ல் வெடித்தது. அதைப் போன்ற நிறுவனங்கள் பலவற்றில் கிராஜுவிட்டி, பி.எஃப். பணத்தைப் போட்டவர்களில் ஒரு பகுதியினர் இன்றுவரை பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

வடசென்னையில் ஒரு மகள் சொன்னார்: “அப்பா திடீர்னு பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பிச்சாரு. கேட்டா, டாக்டர் குறைக்கச் சொன்னாருன்னாரு. காசு இல்லைன்னு எங்களுக்குத் தெரியவே இல்ல.”

இந்த மௌனத்துக்குச் சட்ட ரீதியான விலையும் உண்டு. முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ன் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி முடக்கிய சொத்தை விற்றுப் பங்கிடும்போது, ஆவணத்தோடு புகார் கொடுத்துத் தன் பணத்தை நிரூபித்தவரால்தான் பங்கு கேட்க முடியும். பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று புகாரே கொடுக்காத அப்பா, வரக்கூடிய கொஞ்சத்தையும் விட்டுவிடுகிறார். ஓய்வு பெற்ற அப்பாவின் வங்கிக் கணக்கைப் பிள்ளைகள் கேட்டால் அது சொத்துக்கு அலைவதாகத் தோன்றும் என்ற கூச்சம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அந்தக் கூச்சத்தைப் பிள்ளைகள்தான் உடைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவர்களுக்குத்தான் வயதும் தெம்பும் இருக்கிறது.

கேட்பவர் கையில்தான் எல்லாம்

சொல்கிறவருக்குத் துணிவு வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கேட்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் பாரத்தில் பெரும்பகுதி கேட்பவருடையது. கணக்குப் பரீட்சையில் எழுபது வாங்கி வந்த பிள்ளையிடம் ‘மீதி முப்பது எங்கே’ என்று பெல்ட்டை எடுத்த வீட்டுக்கு, இருபது வயதில் அந்தப் பிள்ளை வாங்கும் கடன் கடைசியாகத்தான் தெரியவரும். சிறிய கெட்ட செய்திகளை ஒரு வீடு எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைப் பார்த்துத்தான் பெரிய செய்தி அங்கே வரலாமா என்று முடிவெடுக்கிறது.

செய்தி வந்துவிட்டது. அப்போது நம் வீடுகளில் நடப்பவை சில உண்டு. ‘புள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணு’ என்பது ஒன்று. சூதாட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. நோய் சத்தியத்துக்குக் கட்டுப்படாது. சத்தியம் மீறப்படும் அன்று, குற்ற உணர்வோடு இன்னொரு ரகசியமும் சேரும். இதற்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணமில்லாமல். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போவதை இன்னமும் அவமானமாகக் கருதுகிறவர்கள், அங்கே புறநோயாளிகள் வரிசையில் நிற்பவர்கள் யாரென்று ஒருநாள் போய்ப் பார்க்கலாம். நம்மைப் போன்றவர்கள்தான்.

மாமா, சித்தப்பா எல்லோரையும் கூட்டிவைத்து நடுவீட்டில் விசாரிப்பது இன்னொன்று. நாத்தனார் ஒருவர் வந்து அமைதியாகப் பேசியதும் இதுவும் ஒன்றல்ல. நம்பி ஒருவரிடம் சொன்னது எட்டுப் பேருக்குத் தெரிந்தால், அடுத்த விஷயம் வெளியே வரவே வராது.

உடனே ஓடிப்போய் எல்லாவற்றையும் அடகு வைத்து அடைப்பதும் உதவி அல்ல. பழக்கம் நிற்காமல் கடன் மட்டும் அடைந்தால், அடுத்த கடனுக்கு இடம் காலியாகிறது, அவ்வளவுதான். திருப்பூர் டெய்லர் வீட்டில் செய்தது வேறு. சம்பளம் இனி மனைவியின் கணக்குக்கு. கணவரின் போனில் யுபிஐ இல்லை. தினமும் பெட்ரோலுக்கும் டீக்கும் கையில் பணம். “சின்னப்புள்ளைக்குக் குடுக்கற மாதிரி குடுக்கறாங்க. மொத வாரம் ரோசமாத்தான் இருந்துச்சுங்க” என்கிறார். தன் கையைத் தானே நம்ப முடியாத ஒரு காலத்தில் இன்னொருவர் கையை நம்பி ஒப்படைப்பது, சொல்வதைவிடக் கடினமான காரியம் என்று அவரைப் பார்த்தபோது தோன்றியது.

சொல்கிறவர் கடனைப் பற்றி மட்டும் பேசுகிறாரா, வாழ்க்கையே வேண்டாம் என்ற தொனியில் பேசுகிறாரா என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டாவதாக இருந்தால் தொகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்று இரவு அவரைத் தனியே விடாமல் இருப்பதும், மருத்துவரிடம் அழைத்துப் போவதும்தான் வேலை. ‘சாகணும்னு தோணுதா’ என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை என்பதே மனநல மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட உண்மை.

> உடனே பேச...
>
> ● டெலி மானஸ் மனநல உதவி: 14416 (24 மணி நேரமும், தமிழிலும்)
>
> ● தமிழ்நாடு அரசு சுகாதார உதவி: 104
>
> ● சினேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கியது.
>
> ● சைபர் க்ரைம், பண மோசடி: 1930. பணம் பறிபோன உடனே அழைத்தால் அதை முடக்கும் வாய்ப்பு அதிகம்.
>
> ● மகளிர் உதவி: 181
>
> தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ன் மனநலச் சட்டம். போலீஸ் வருமே என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

செல்லூரில் ஒரு காலண்டர் தாள்

மதுரை செல்லூரில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகன், பொறியியல் கடைசி வருடம். நண்பனின் பிறந்தநாளுக்கும் புது ஷூவுக்கும் ஆப்பில் எடுத்த 8,000 ரூபாய், 43,000 ஆகி நின்றது. அவனுடைய படத்தை ஆபாசமாக மாற்றி அக்காவின் எண்ணுக்கு அனுப்பப் போவதாக மிரட்டல் வந்த அன்று, அடுப்படியில் நின்ற அம்மாவிடம் சொன்னான்.

“முதுகுல நாலு சாத்து சாத்துனேன்” என்கிறார் அம்மா, மறைக்காமல். “அப்புறம் தினசரி காலண்டர்ல தாளைக் கிழிச்சு, பின்னாடி எழுதுடான்னேன். யார் யாருக்கு எவ்வளவு, எல்லாத்தையும். அவன் எழுதி முடிக்கிறவரைக்கும் பக்கத்துலயே நின்னேன். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ போய்ப் படுன்னேன்.”

அக்காவிடமும் அன்றே சொன்னார்கள். கும்பல் சொன்னபடியே மறுநாள் படத்தை அனுப்பியது. அக்கா அதை அழிக்காமல், எண்ணோடு சேர்த்துப் பதிவெடுத்து வைத்துக்கொண்டார். புகாரோடு இணைக்க அதுதான் உதவியது.

அப்பா இரண்டு நாள் மகனிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆட்டோவைத் துடைத்துவிட்டு, “கெளம்புடா” என்று மட்டும் சொன்னார். சைபர் க்ரைம் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் மகன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பதிவு பெறாத ஆப்கள் மீது புகார் கொடுத்தார்கள். முறையான நிறுவனத்தில் வாங்கியிருந்த 16,000 ரூபாயை மட்டும் மாதத் தவணையாக மாற்றிக் கேட்டு வாங்கினார்கள். கட்ட வேண்டியது மகன்தான் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். சனி, ஞாயிறுகளில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவரே.

“திட்டியிருந்தாக்கூடப் பரவால்லண்ணே. அந்த ரெண்டு நாள் பேசாம இருந்தாரு பாருங்க, அதுதான் பெருசா இருந்துச்சு” என்கிறான் அந்த இளைஞன். “இன்னும் ரெண்டு தவணை பாக்கி. ஒண்ணாம் தேதி ஆனா சவாரிக்குக் கெளம்பும்போதே கேட்டுருவாரு, கட்டிட்டியாடான்னு. நானும் ரசீதைக் காமிச்சிருவேன்.”